ஹெலிகாப்டர் தனியார் விமானி உரிமம் (இந்தியா)

ஹெலிகாப்டர் தனியார் விமானி உரிமம் என்பது ஊதியம் பெறாமல் ஹெலிகாப்டர் ஓட்டுவதற்கு ஒருவருக்கு வழங்கப்படும் அனுமதி ஆகும். இந்தியாவில் இதனைச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்குகிறது. தகுதிகள் 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளில் கூறப்பட்டுள்ளன. 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்கு மாற்றாகப் பாரதிய வாயுயான் அதிநியம் 2025 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

தகுதிகள்

விண்ணப்பிப்பவருக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தேர்ச்சியும் மருத்துவத் தகுதிச் சான்றும் வேண்டும். வான் விதிகள், வழியறிதல், வானிலையியல், இயந்திரத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் தேர்வு உண்டு. வானொலியில் பேசுவதற்குத் தனி அனுமதி பெற வேண்டும்.

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த குறைந்தபட்ச அளவு 40 மணி நேரப் பறத்தல் ஆகும். அதில் 10 மணி நேரம் பயிற்சியாளர் இன்றித் தனியாகப் பறக்க வேண்டும். ஒரு பயணமாவது 180 கிலோமீட்டருக்குக் குறையாமல், வழியில் இரண்டு இடங்களில் இறங்கி ஏறுவதாக இருக்க வேண்டும்.

விமானம் ஓட்டும் உரிமம் ஹெலிகாப்டருக்குச் செல்லாது. ஓட்டவிருக்கும் ஹெலிகாப்டரின் வகையும் உரிமத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இரவில் பறக்கத் தனித் தகுதி தேவை.

கட்டணத் தடை

சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டக் கூடாது. அதற்கு மஞ்சள் பலகை வண்டி வேண்டும். வானிலும் இதே நிலைதான். தனியார் உரிமம் உள்ளவர் நண்பரை ஏற்றிச் செல்லலாம். அவரிடம் கூலி பெறக் கூடாது. தேர்தல் பரப்புரை, திருமணத்தில் பூத்தூவுதல் போன்ற வாடகைப் பணிகளுக்கு வணிக விமானி உரிமம் பெற்றவரும், இயக்க அனுமதி பெற்ற நிறுவனமும் தேவை. பணம் கொடுத்து ஏறும் பயணி, ஓட்டுபவரின் திறமையைத் தானே சோதித்துப் பார்க்க முடியாது. அதனால் அவருக்காகக் கூடுதல் பயிற்சியையும் மேற்பார்வையையும் விதிகள் கேட்கின்றன.

மேகமும் மலையும்

தனியார் உரிமம் அடிப்படையில் கண்ணால் பார்த்து ஓட்டுவதற்கானது. மேகத்துக்குள் புகுந்தால் மேல் எது, கீழ் எது என்ற உணர்வு சில நொடிகளிலேயே பிழைத்துவிடும். கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவது தனிப் பயிற்சி.

கொங்குப் பகுதியில் இதன் தேவை தெளிவாகத் தெரியும். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலும், உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால் சுழலிறக்கைகளின் தூக்குவிசையும் குறைகிறது. பள்ளத்தாக்குகளில் மேகம் திடீரென்று சூழும்.

2021 திசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற விமானப்படையின் எம்.ஐ.-17வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் சென்ற 14 பேரும் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் ஒரு வாரம் சிகிச்சையில் இருந்து இறந்தார். எதிர்பாராத வானிலை மாற்றத்தால் மேகத்துக்குள் நுழைந்ததும், அதனால் விமானிக்குத் திசையுணர்வு குழம்பியதும் காரணம் என விமானப்படை 2022 சனவரியில் தெரிவித்தது. படை விமானிகள் சிவில் உரிம விதிகளின் கீழ் வருவதில்லை. ஆயினும், தேர்ந்த விமானிகளுக்கே ஆபத்தான மேகத்தைப் புதியவர் தவிர்க்க வேண்டும் என்ற விதியின் காரணம் இதனால் விளங்கும்.

இணையப் போலிப் பறத்தல்

கணினியில் விமானம் ஓட்டுவோர் ஒன்றுகூடும் வாட்சிம் என்ற பன்னாட்டு வலையமைப்பு 2001இல் தொடங்கியது. இதில் தன்னார்வலர்களே வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களாகச் செயற்படுகின்றனர். இங்கும் நடத்தை விதிகளும், தனியார் விமானி உட்பட்ட படிநிலைத் தகுதிகளும் உண்டு. வான் விதிகள், வழியறிதல், வானொலி உரையாடல் ஆகியவற்றைப் பழக இது மாணவர்களுக்கு உதவும். எனினும் அத்தகுதிகள் அவ்வலையமைப்புக்குள் மட்டுமே செல்லும். வீட்டுக் கணினியில் செலவிட்ட மணிநேரம் விமானியின் பறத்தல் பதிவேட்டில் சேராது.