நடையே மூட்டுக்கு உணவு

இல்லங்களைச் சந்திக்கச் செல்கையில் நாம் காண்பதுண்டு: முழங்கால் வலியுற்ற பாட்டியை எழவிடாது நாற்காலியிலேயே அமர்த்தி வைத்திருப்பர். அது அன்பின் செயலே. ஆயினும் அதனால் மூட்டு பட்டினி கிடக்கிறது.

மூட்டில் எலும்புகளின் முனைகளை மூடி, அவை உராயாது காப்பது குருத்தெலும்பு. முழங்காலில் அதன் கனம் ஏறத்தாழ 2 முதல் 4 மில்லிமீட்டரே. அதில் பெரும்பகுதி நீர். அதற்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரத இழை. இரத்தக் குழாய்கள் அதனுள் செல்வதில்லை. அடி வைக்கையில் பிழியப்பட்டும், காலைத் தூக்குகையில் விரிந்தும், பஞ்சைப் போல மூட்டு நீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. தேய்ந்த பகுதி மீண்டும் வளர்வதோ அரிது.

எனவே, மூட்டு வீங்கிச் சூடேறினால் மருத்துவரை நாடுவோம். மற்ற நாள்களில் பாட்டியின் கையைப் பற்றி, முற்றம்வரை மெல்ல உடன் நடப்போம்.