கட்டியைப் படித்துப் பதில் சொல்பவர்

மார்பகத்தில் கட்டி இருப்பதாகத் தெரிந்ததும் ஒரு பெண் கேட்கும் முதல் கேள்வி, "இது புற்றுநோயா?" என்பதுதான். மருத்துவர் தொட்டுப் பார்ப்பார். ஸ்கேன் எடுக்கச் சொல்வார். ஆனால், உறுதியான பதிலைத் தருபவரை அந்தப் பெண் பெரும்பாலும் நேரில் பார்ப்பதே இல்லை. அவர்தான் நோயியல் நிபுணர். பங்சாருக்கு அருகிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் இவர்களுக்கெனத் தனி ஆய்வுக்கூடமே உண்டு.

கட்டியிலிருந்து எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சுமார் 4 மைக்ரோமீட்டர் தடிப்பில் சீவுவார்கள். தலைமுடியின் தடிப்பில் இது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு! சாயம் ஏற்றியதும் உயிரணுக்களின் உட்கரு நீலமாகவும் மற்ற பகுதிகள் இளஞ்சிவப்பாகவும் தெரியும். நிபுணர் அதை நுண்ணோக்கியில் படிப்பார்.

இப்படிப் படிப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் அண்டை நாடான சிங்கப்பூரின் பேராசிரியர் டான் புவே ஹூன். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் நோயியல் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவர். உலகச் சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட மார்பகக் கட்டிகள் வகைப்பாட்டு நூலின் பதிப்பாசிரியர்களில் இவரும் ஒருவர்.

இவர் ஆழ்ந்து ஆராய்ந்தவற்றுள் ஒன்று ஃபில்லோடிஸ் கட்டி. கிரேக்க மொழியில் 'ஃபில்லோன்' என்றால் இலை. வெட்டிப் பார்த்தால் இலை போன்ற மடிப்புகள் தெரிவதால் 1838இல் யோகன்னஸ் முல்லர் இப்பெயரைச் சூட்டினார். இளம்பெண்களிடம் அதிகம் காணப்படும் ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கற்ற கட்டியும் பார்வைக்கு இதைப்போலவே இருக்கும். ஆனால், ஃபில்லோடிஸ் கட்டி அகற்றிய பிறகும் மீண்டும் வளரக்கூடும். அரிதாக உயிரையும் பறிக்கும். நிபுணர் தவறாகப் படித்தால் ஒருவருக்குத் தேவையற்ற பெரிய அறுவை சிகிச்சை நடக்கலாம். இன்னொருவருக்குத் தேவையான சிகிச்சை கிடைக்காமல் போகலாம்.

எது மீண்டும் வரும் என்பதை எப்படிக் கணிப்பது? டான் குழுவினர் 605 ஃபில்லோடிஸ் கட்டிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 440 தீங்கற்றவை. 111 இடைநிலையைச் சேர்ந்தவை. 54 மட்டுமே புற்றுத்தன்மை கொண்டவை. 80 பெண்களுக்குக் கட்டி மீண்டும் வந்திருந்தது. உயிரணுக்களின் உருவம் எவ்வளவு மாறியுள்ளது, எத்தனை உயிரணுக்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன, இணைப்புத் திசு மட்டும் மிகையாக வளர்ந்துள்ளதா, வெட்டிய விளிம்பில் கட்டி எஞ்சியுள்ளதா ஆகிய நான்கையும் கொண்டு, கட்டி திரும்பும் வாய்ப்பைக் கணிக்கும் அளவுகோலை 2012இல் வெளியிட்டனர்.

2014இல், இவர் இடம்பெற்ற சிங்கப்பூர் ஆய்வுக்குழு 98 ஃபைப்ரோஅடினோமா கட்டிகளைச் சோதித்தது. அவற்றுள் 58இல் மெட் 12 என்ற ஒரே மரபணுவில் மாற்றம் இருந்தது. நுண்ணோக்கியில் தொடங்கிய கேள்வி மரபணுவரை சென்றது.

மாணவர்களே, படிவம் 4 உயிரியலில் நீங்கள் படம் வரைந்து படிக்கும் மைட்டோசிஸ்தான், நிபுணர் நுண்ணோக்கியில் எண்ணும் அந்த உயிரணுப் பிரிவு. ஃபில்லோடிஸ் கட்டியில், அதிக உருப்பெருக்கத்தில் 10 பார்வைப்புலங்களில் 5க்கும் குறைவாக இருந்தால் அது தீங்கற்ற வகையின் அடையாளம். 10 அல்லது அதற்கு மேல் என்றால் புற்றுத்தன்மையின் அடையாளம்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இளவயதில் தோன்றும் மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால், அதைத் தொட்டுப் பார்த்து நாமே முடிவு செய்ய முடியாது. வெட்கப்பட்டு மறைக்காமல் அம்மாவிடம் சொல்லுங்கள்; கிளினிக்கிற்குச் செல்லுங்கள். அம்மாவோ அக்காவோ மறைத்தாலும் இதையே எடுத்துச் சொல்லுங்கள்.