கணினியைத் துடைத்தால் வேகம் கூடுமா?

ஹட்டன் பக்கத்து லயமொன்றில் பழைய மடிகணினி இழுத்து இழுத்து ஓடினால், யாராவது ‘சிசிகிளீனர் போடு’ என்பார். தற்காலிகக் கோப்புகளை அது நீக்கும். வட்டு நிரம்பியிருந்தால் உதவிதான். ஆனால் உலாவி சேமித்த படங்களையும் அழித்துவிட்டால், மறுபடி இறக்க வேண்டும். மலைமறைவில் சிக்னல் தேயும் இடத்தில் நேரமும் போகும், டேட்டாவும் கரையும்.

விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியை இதுபோன்ற மென்பொருளால் சுத்தம் செய்வது இன்னும் மோசம். இலட்சக்கணக்கான பதிவுகளில் சில நூறைக் களைந்தால் வேகம் கூடாது. தேவையான ஒன்று போனால் மென்பொருளே திறக்காமல் போகலாம். பழகாத கையில் கவ்வாத்துக் கத்தி! மைக்ரோசாஃப்ட்டே ரெஜிஸ்ட்ரி சுத்தம் செய்யும் மென்பொருள்களை ஆதரிப்பதில்லை. போதாததற்கு, 2017இல் சிசிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே தீநிரல் புகுந்து, சுமார் 22.7 இலட்சம் பேரின் கணினிகளை அடைந்தது.

இடம் வேண்டுமானால் விண்டோஸிலேயே உள்ள ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ போதும். வேகம் வேண்டுமானால் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுங்கள்.