சீப்பும் தலைப்பாகையும்

1699ஆம் ஆண்டு ஆனந்தபூரில் குரு கோவிந்த் சிங் கால்சா அமைப்பைத் தோற்றுவித்தார். அதனைச் சார்ந்தோர் பேணும் ஐந்து அடையாளங்களுள் வெட்டப்படாத முடியும், அதனைச் சீர்செய்யும் மரச்சீப்பும் அடங்கும். நீண்டு வளர்ந்த முடியைச் சிறுவன் ஒருவன் தானே வாரிக்கொள்வது கடினம். தாயோ தந்தையோ பாட்டியோ எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, உச்சியில் கொண்டையிட்டு, ‘பட்கா’ என்னும் சிறு துணியைக் கட்டிவிடுவர். ஆகவே, சமயநெறி அக்குழந்தையை முதலில் வந்தடைவது போதனையாக அன்று. தலையை வருடும் கையாகவே.

பஞ்சாபில் இயல்பான இக்கோலம், அமெரிக்க வகுப்பறையில் ஒரு குழந்தையைத் தனித்துக் காட்டிவிடுகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நிகழ்ந்த நான்காம் நாள், அரிசோனா மாநிலத்தில் பல்பீர் சிங் சோதி என்னும் சீக்கியர், தாடியும் தலைப்பாகையும் கண்டு வேறொருவராகக் கருதப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தகைய நாட்டில் வளரும் குழந்தை, தன் வீட்டை ஒத்த வீட்டை ஒரு படநூலில் காண்பது சிறிய செய்தி அன்று.

தலைப்பாகை ஏன் அணிகிறோம் என்று அயலாருக்கு விளக்கும் நூல்கள் பயனுடையனவே. எனினும், அவற்றில் சீக்கியக் குழந்தை வாசகராக இராமல் காட்சிப்பொருளாகிவிடுதலும் உண்டு. சிறந்த நூல்கள் விளக்கத்தைக் குறைத்து வாழ்வைக் காட்டுகின்றன. ராக்கி மிர்சந்தானியின் ‘ஹேர் ட்வின்ஸ்’ (2021) நூலில் சீக்கியத் தந்தை மகளின் கூந்தலை வாரிவிடுகிறார். தம்முடையதைப் போன்றே அவளுக்கும் கொண்டையிடுகிறார். கதை அவ்வளவே. ஆயினும், மகளுக்குத் தலைவாரும் தந்தையைச் சீக்கியர் அல்லாத குழந்தையும் வியந்து பார்க்கும். சுப்ரியா கேல்கரின் ‘தி மெனி கலர்ஸ் ஆஃப் ஹர்ப்ரீத் சிங்’ (2019) நூலிலோ, சிறுவனின் மனநிலைக்கேற்பப் பட்காவின் நிறம் மாறுகிறது. தாயின் புதிய வேலைக்காகக் குடும்பம் வேற்றூர் பெயர்ந்தபின், மகிழ்ச்சிக்குரிய நிறங்கள் அவன் தலையினின்று மறைகின்றன. சமய அடையாளமாகிய துணி, இங்குப் பிள்ளைமனத்தின் மொழியாகவும் ஆகிறது.

முதியோரும் இந்நூல்களில் இடம்பெறாமல் இல்லை. ஐந்து வயதுவரை நடக்க இயலாதிருந்து, 2011இல் நூறாம் வயதில் டொராண்டோவில் மாரத்தான் ஓடி முடித்த ஃபௌஜா சிங்கின் வாழ்வைச் சிம்ரன் ஜீத் சிங் 2020இல் படநூலாக்கினார். அதற்கு ஓவியம் தீட்டியவர் பல்ஜிந்தர் கௌர்.

இவ்வகை நூல்களில் ஓவியரின் பொறுப்பு எழுத்தாளரின் பொறுப்பினும் குறைந்ததன்று. தலைப்பாகை தொப்பியைப் போல் எடுத்துக் கவிழ்ப்பது அன்று; நீண்ட துணியை மடித்து, சுற்றுச் சுற்றாக இழுத்துக் கட்டுவது. மடிப்பு பிழைபட வரையப்பட்டால், நாள்தோறும் தந்தை கட்டுவதை அருகிருந்து காணும் குழந்தை அதனை நொடியில் கண்டுகொள்ளும்.