வறட்சியும் வெள்ளமும்: நாலந்தாவை முன்வைத்துச் சில குறிப்புக்கள்

வறட்சியையும் வெள்ளத்தையும் ஒன்றற்கொன்று எதிரான இரு இயற்கைச் சீற்றங்களாகக் காண்பது நம்மிடையே நெடுங்கால வழக்கு. இவ்விரண்டும் ஒரே காரணத்தால் கடுமையடைந்து வருகின்றன என்பதையும், அவற்றின் சுமை சமுதாயத்திற் சமமாகப் பகிரப்படுவதில்லை என்பதையும் மாத்தளை மாவட்டத்து நாலந்தாவை முன்வைத்து விளக்குவதே நமது நோக்கமாகும்.

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில், ஈரவலயம் உலர்வலயமாக மாறும் இடைவலயத்தில் நாலந்தா அமைந்துள்ளது. திராவிடக் கட்டடக்கலை மரபின் செல்வாக்கினைக் காட்டும் ‘கெடிகே’ என்னும் பௌத்தக் கற்கட்டடத்தால் அது புகழ்பெற்றது. மகாவலித் திட்டத்தின் பொவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த அக்கட்டடம் 1975 இல் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, 1980 இல் நீர்த்தேக்கக் கரையில் மீண்டும் பொருத்தப்பட்டது.

பொல்கொல்லையில் 1976 முதல் திருப்பப்படும் மகாவலி நீர், சுரங்கவழியே சுது கங்கையையும் அதனூடாக அம்பன் கங்கையையும் அடைகின்றது. பொவத்தென்னையில் அதன் ஒரு பகுதி கலாவெவவை நோக்கித் திருப்பப்படுகின்றது. மறுபகுதி எலகெரை ஊடாகப் பொலன்னறுவைக் குளங்களுக்குச் செல்கின்றது. ஈரவலயத்து மழையை உலர்வலயத்து வயலுக்குக் கொண்டுசெல்லும் இவ்வேற்பாடு ஓர் எடுகோளின் மீதே நிற்கின்றது. மழை உரிய பருவத்தில், ஏறத்தாழ உரிய அளவிற் பெய்யும் என்பதே அது.

இன்று தளர்ந்துள்ளது அவ்வெடுகோளேயாகும். நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படுவதால் வளிமண்டலத்திற் சேரும் காபனீரொட்சைட்டு புவியின் வெப்பத்தைக் கூட்டுகின்றது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர, வளி கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் அதிகரிக்கின்றது. மழையற்ற நாட்களில் வெம்மையுற்ற வளி மண், குளம், பயிர் ஆகியவற்றிலிருந்து முன்னரிலும் விரைவாக ஈரத்தை உறிஞ்சுகின்றது. மழை வரும்போதோ, திரண்ட நீராவி குறுகிய நேரத்திற் கொட்டித் தீர்க்கின்றது. ஆண்டின் மொத்த மழை பெரிதும் மாறாதவிடத்தும் அதன் பரம்பல் மாறிவிடலாம். இறுகிய நிலமும் காடழிந்த சரிவும் அம்மழையை உள்வாங்குவதில்லை. மண்ணையும் வாரிச்சென்று நீர்த்தேக்கங்களிற் படியவிடுகின்றன.

தனியொரு நிகழ்வை முழுவதும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுதல் அறிவியல் நெறியாகாது. எனினும், அண்மைய நிகழ்வுகள் சில இப்போக்கினைத் தெளிவுறுத்துகின்றன. 2016இலும் 2017இலும் நீடித்த வறட்சியால், 2017 இன் நெல் உற்பத்தி முந்திய ஆண்டிலும் 40 சதவீதத்துக்கு மேற் குறைந்தது. வடக்கிலும் கிழக்கிலும் குளங்கள் வற்றிக்கிடந்த அதே ஆண்டின் மே மாதத்தில், தென்மேற்கில் வெள்ளமும் மண்சரிவும் 200க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டன. 2025 நவெம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்கள் பேரழிவுக்குள்ளாயின.

மாண்டவர் யாவர் என்ற வினா இங்கு முதன்மை பெறுகின்றது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தா வழியாக நடந்துவந்த தமிழகத் தொழிலாளரின் உழைப்பிலே மாத்தளைத் தோட்டங்கள் எழுந்தன. அவர்களின் வழித்தோன்றல்களுட் பலர் தாம் வாழும் லயனுக்கோ அது நிற்கும் நிலத்துக்கோ இன்றும் உரிமையற்றவர்கள். சரிவை விட்டு நீங்க அவர்களுக்குப் போக்கிடமில்லை. வறட்சியிலோ, வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் செய்யும் சிறு விவசாயியே முதலில் நீரிழந்து கடனாளியாகின்றான். இலங்கையின் தலைக்குரிய காபனீரொட்சைட்டு வெளியீடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 தொன். உலகச் சராசரியோ 4 தொன்னுக்கு மேற்பட்டது. ஏற்றத்தாழ்வு நாட்டினுள்ளும் நாடுகளிடையேயும் ஒருங்கே தொழிற்படுவதை இது காட்டுகின்றது.

எனவே, அணைகளை உயர்த்துவதும் வானிலை அறிவிப்பைச் செம்மைப்படுத்துவதும் தேவையெனினும் போதியனவல்ல. தோட்டத் தொழிலாளருக்குப் பாதுகாப்பான நிலத்தில் வீட்டுரிமை, நீர்ப்பங்கீட்டைத் தீர்மானிப்பதிற் சிறு விவசாயிகளின் பங்கு, மலைச்சரிவுகளின் மீள்காடாக்கம் ஆகியனவும் காலநிலைக் கொள்கையின் கூறுகளாதல் வேண்டும். ஒரு கற்கட்டடத்தை நீரிலிருந்து காக்க ஐந்தாண்டு உழைக்க முடிந்த நாட்டில், சரிவில் வாழும் மக்களை இடம்பெயர்த்துக் குடியமர்த்தத் தொழில்நுட்பம் இல்லையென்று கூறுதல் பொருந்தாது.