1.1

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தைச் சுற்றி மருந்துக் கடைகளுக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கும் குறைவில்லை. அறுவைக்கு முன் எடுக்கும் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் என்று ஒரு வரி இருக்கும். தசையில் உண்டாகும் கழிவு அது. சிறுநீரகம்தான் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. எண் 1.1 என்று வைத்துக்கொள்வோம். பல கூடங்கள் அச்சிடும் வரம்பு 0.6 முதல் 1.2 வரை. தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. ரிப்போர்ட் மடிந்து கவருக்குள் போகிறது.

1976இல் காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் வெளியிட்ட சூத்திரம் கிரியாட்டினினோடு வயது, எடை, பாலினம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. 30 வயது, 70 கிலோ ஆணுக்கு 1.1 என்றால், சிறுநீரகம் நிமிடத்துக்கு 97 மில்லி வடிகட்டுகிறது. 70 வயது, 45 கிலோ பெண்ணுக்கும் அதே 1.1தான். வடிகட்டுவது 34.

கல்லீரல் சுருக்கம் வந்தவருக்கு இந்த எண் இன்னும் ஏமாற்றும். கிரியாட்டினினுக்கு மூலமான கிரியாட்டின் உருவாகும் கடைசிப் படி கல்லீரலில் நடக்கிறது. நோயில் தசையும் கரைகிறது. கழிவே குறைவாக உண்டாவதால், சிறுநீரகம் தளர்ந்த பிறகும் எண் நல்லபடியாகவே தெரியும்.

அறுவை மேசையில் நடப்பது வேறு. கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும்போது ரத்தம் கொட்டாமலிருக்க, உடலின் பெரிய சிரையில் அழுத்தத்தைத் தாழ்வாக வைக்கிறார்கள். பொதுவாக 5 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே. அதற்காக, வெட்டி முடியும் வரை சிரை வழி ஏற்றும் திரவத்தைக் குறைக்கிறார்கள். ரத்த இழப்பு குறைகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையலாம். 97 உள்ளவர் பெரும்பாலும் தாங்கிக்கொள்வார். 34 உள்ளவரிடம் கையிருப்பு இல்லை.

48 மணி நேரத்தில் கிரியாட்டினின் 0.3 கூடினாலே அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்பது 2012இன் சர்வதேச வரையறை. 1.1, 1.4 ஆகிறது. வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு அது புள்ளிக்குப் பின்னால் ஒரு சின்ன மாற்றம். உள்ளே, சிறுநீர் குறையலாம். தேங்கும் நீர் நுரையீரலுக்குப் போகலாம். சிறுநீரில் வெளியேற வேண்டிய மருந்துகள் ரத்தத்திலேயே நின்றுவிடலாம். வெட்டிய பின் மிஞ்சிய கல்லீரல் சில வாரங்களில் பெருமளவு வளர்ந்துவிடும். சிறுநீரகத்துக்கு அந்தத் திறமை கிடையாது.

கல்லீரலையே மாற்றினாலும் சிறுநீரகத்துக்குச் சிக்கல் உண்டு. கேரள அரசு மருத்துவமனைகளில் முதல் கல்லீரல் மாற்று 2016இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. மாற்றுக் கல்லீரலைக் காக்கப் பலர் ஆயுள் முழுக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ், சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. 1990 முதல் 2000 வரை அமெரிக்காவில் சிறுநீரகம் தவிர்த்த பிற உறுப்புகளைப் பெற்ற 69,321 பேரை ஆராய்ந்த கட்டுரை 2003இல் வந்தது. கல்லீரல் பெற்றவர்களில் 18.1 சதவீதம் பேருக்கு 5 ஆண்டுக்குள் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு.

இனி வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் இரண்டும் சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளத்தைச் சுருங்கச் செய்யும். டைக்ளோஃபெனாக் கொடுத்த மாடுகளின் சடலத்தைத் தின்று இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. காரணம் சிறுநீரகச் செயலிழப்பு. 2006இல் அந்த மருந்தை மாடுகளுக்குத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கு அது இன்றும் உண்டு.

தையல் பிரித்து ஊர் திரும்புகிறவர், பஸ் வரும் வரை மருந்துக் கடையில் நின்று வலிக்கு ஒரு ஸ்ட்ரிப் கேட்கிறார். ரிப்போர்ட் கவருக்குள்ளேயே இருக்கிறது. அதில் பெயருக்கும் வயதுக்கும் பாலினத்துக்கும் கட்டம் உண்டு. எடைக்குப் பெரும்பாலும் கிடையாது.