ஒன்றுவிட்ட ஒருநாள்

நெல்லியடிச் சந்தையில் "விட்டுவிட்டு மழை பெய்யுது" என்பார்கள். ஆங்கிலத்தில் அது 'ஒன் அன்ட் ஓஃப்'. "இடைக்கிடை வந்து போறவர்" என்றால் 'நவ் அன்ட் தென்'. இதனை 'இப்போதும் பிறகும்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும்.

'எவ்ரி அதர் டே' என்பதிலோ ஆபத்தும் உண்டு. 'எவ்ரி' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு 'நாள்தோறும்' எனக் கொண்டால், நோயாளி விழுங்கும் மாத்திரை இரட்டிப்பாகிவிடும். அதன் பொருள் 'ஒன்றுவிட்ட ஒருநாள்'. திங்களன்று எடுத்தால், செவ்வாய் விட்டு, புதனன்று எடுக்கவேண்டும்.

'ஒன்றுவிட்ட சகோதரன்' என்று உறவையும் நாம் இவ்வாறே எண்ணுகிறோம். ஆங்கிலம் 'மற்ற' நாளைச் சுட்ட, தமிழ் விடுபடும் நாளைச் சொல்கிறது. மருந்துச்சீட்டை மொழிபெயர்ப்பவர் முதலில் வீட்டுப் பேச்சுக்குச் செவிகொடுக்கட்டும்.